சாம்பல் நிறத்தில் ஒரு வெள்ளை ஊர்

வெள்ளை ஊர்களை வரையலாம் என்று கிளம்பிப் போன எட்டுப் பேருக்கும் முதல் நாள் காலையில் கிடைத்த வேலை, சாம்பல் நிறம் கலப்பது. "வெள்ளையை மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கூரை" என்று சொல்லிவிட்டு எங்கள் ஆசிரியை ஊருக்கு மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடக்க ஆரம்பித்தார். மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில், வரைபலகை, தொப்பி சகிதம் நாங்கள் பின்னால் போனோம். கபிலெய்ரா, கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். சமவெளியில் வளர்ந்த நெஞ்சு அந்த ஏற்றத்தில் தன் வயதைச் சொல்லிவிட்டது. இருபது நிமிடம் ஏறி, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால் கீழே வெள்ளையைக் காணோம்.

காலண்டரில் வரும் அண்டலூசிய ஊர்ப் படங்களெல்லாம் கீழேயிருந்தோ எதிர்ச்சரிவிலிருந்தோ எடுத்தவை. கொலுப்படியில் அடுக்கியது போல வெள்ளைச் சுவர்கள் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் அதே ஊர் வேறு. இங்கே ஓடு கிடையாது, சரிந்த முகடு கிடையாது. தட்டையான களிமண் கூரைகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, ஈரம் காயாத சிலேட்டுப் பலகையின் நிறத்தில். தொப்பி போட்ட ஆட்கள் மாதிரி புகைக்கூண்டுகள் மட்டும் வெள்ளையாக நிற்கின்றன. வெள்ளை ஊர் என்று பேர் வாங்கிய ஊரின் உச்சந்தலை சாம்பல் நிறம். அதை வரையத் தெரியாமல் சுவரை வரைந்து பிரயோஜனமில்லை என்பது ஆசிரியையின் கட்சி. ஏழு நாள் முடிவதற்குள் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் தெற்கே, கிரனாடா நகரத்துக்குப் பின்னால் எழும்பி நிற்பது சியரா நெவாடா மலைத்தொடர். பனி மூடிய மலை என்பதுதான் பெயரின் பொருள். இதிலுள்ள முலாசேன் சிகரத்தின் உயரம் 3,479 மீட்டர். ஐபீரியத் தீபகற்பத்தில் இதைவிட உயரமான இடம் இல்லை. கிரனாடாவின் கடைசி முஸ்லிம் அரசர்களில் ஒருவரான மூலே ஹசேனின் பெயரைத்தான் சிகரத்துக்கு வைத்திருக்கிறார்கள். மலையின் வடமுகத்தில் பனிச்சறுக்கு விடுதிகள் இருக்கின்றன. நமக்கு அங்கே வேலையில்லை. மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இறங்கும் தென்சரிவுகள்தான் அல்புஹாரா. அதில் பொகெய்ரா என்ற ஆழமான பள்ளத்தாக்கு. அதன் ஒரு பக்கச் சரிவில் கீழிருந்து மேலாக பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்று மூன்று ஊர்கள். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் வெலேத்தா சிகரம். நாங்கள் போன மே மாதத்திலும் அதில் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது.

கூரைக்கு வருவோம். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். அவற்றின்மேல் செஸ்ட்நட் மர உத்திரங்கள். உத்திரத்தின்மேல் குறுக்குக் கட்டைகள் அல்லது நாணல், அதன்மேல் சிலேட்டுக் கல் பலகைகள். எல்லாவற்றுக்கும் மேலே லவுனா என்ற களிமண். சிலேட்டு வகைப் பாறை பொடிந்து உண்டாகும் நீலச்சாம்பல் மண் அது. காய்ந்திருக்கும்போது உதிரும், நனைந்ததும் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. தேய்பிறையில் போட்டால்தான் ஒழுகாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. கடலுக்கு அந்தப்புறம் மொராக்கோவின் அட்லஸ் மலையில் பெர்பர் மக்கள் கட்டும் வீடுகளைப் பார்த்தவர்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அடையாளம் சொல்வது சிரமம் என்பார்கள். அங்கிருந்து வந்து குடியேறியவர்கள் எட்டு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த சரிவு இது.

இந்தக் கூரையின் நிறத்தைக் கறுப்பும் வெள்ளையும் சேர்த்துக் கலக்கக் கூடாது என்பது முதல் பாடம். எங்கள் பெட்டிகளிலிருந்த கறுப்பு டியூப்களையெல்லாம் ஆசிரியை வாங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் மட்டும் போதும். நீலம் தூக்கலாக இருந்தால் காலை நேரக் கூரை. பழுப்பு தூக்கலாக இருந்தால் வெயில் ஏறிய கூரை. சொரசொரப்பான பருத்திக் காகிதத்தில் அல்ட்ராமரைனின் துகள்கள் குழி பார்த்துப் போய் உட்காருகின்றன. காய்ந்த பிறகு பார்த்தால் மண்ணைத் தொட்டுப் பார்த்தது போலவே இருக்கிறது. அன்று முழுக்கக் கட்டம் கட்டமாகச் சாம்பல் கலந்தோம். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் அவரிடம் இருபத்திரண்டு வகைச் சாம்பல் சேர்ந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டு மேஜையில் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

தூரிகையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது ஐரோப்பியர்களுக்குப் பழைய பழக்கம். இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் வை நதிக்கரைக் காட்சிகளைப் பற்றி 1782-இல் ஒரு புத்தகம் போட்டார். எங்கே நின்று எதைப் பார்த்தால் அது படமாக அமையும் என்று பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகம். அதற்குப் பிறகு படித்த குடும்பங்களில் வரைபுத்தகம் இல்லாமல் பயணம் போவது குறைந்தது. 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கும் உலோக டியூப்பில் சாயத்தை அடைக்க வழி கண்டுபிடித்ததும் எண்ணெய் வண்ணக்காரர்களும் வெளியே கிளம்பினார்கள்.

ஸ்பெயினுக்கும் வந்தார்கள். டேவிட் ராபர்ட்ஸ் 1832-இல் வந்தார். அதே ஆண்டுகளில் ஜான் ஃபிரெடெரிக் லூயிஸும் வந்தார். இருவரும் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையை வளைவு வளைவாக, தூண் தூணாக வரைந்து தள்ளினார்கள். அந்த அச்சுப் படங்கள் லண்டன் வரவேற்பறைகளில் தொங்கின. படத்தின் பின்னணியில் ஒரு நீலக் கோடாக சியரா நெவாடா இருக்கும். அந்தக் கோட்டுக்கு மறுபுறம் அல்புஹாரா. அங்கே போகக் கோவேறு கழுதைப் பாதைதான். அரண்மனையும் இல்லை, வளைவும் இல்லை.

மலைக்கு மறுபுறத்தை ஆங்கிலேயர்களுக்குக் காட்டியவர் ஜெரால்ட் பிரெனன். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய இளைஞர். கையில் கொஞ்சம் பணம், கூடவே சுமார் 2,000 புத்தகங்கள். அவற்றோடு 1920-இல் யெஹென் என்ற அல்புஹாரா ஊரில் வீடு வாடகைக்குப் பிடித்துக் குடியேறினார். எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1923-இல் அங்கே வந்து தங்கிப் போனார். பிரெனன் அந்த ஊரைப் பற்றி எழுதிய 'சவுத் ஃப்ரம் கிரனாடா' 1957-இல் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு இங்கே வருபவர்கள் ஒரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். அவர் கண்ட யெஹென் வெள்ளை ஊர் அல்ல. சாம்பல் நிறப் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிவில் இறங்குவதாகத்தான் அவர் வர்ணிக்கிறார். நாம் இன்று பார்த்துப் பரவசப்படும் வெள்ளை, ஊர் முழுக்கப் பரவியது அப்புறம்தான். எங்கள் ஆசிரியை முதல் இரண்டு நாள் ஏன் வெள்ளையை ஒளித்துவைத்தார் என்பது இதைப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது.

பிரெனனைத் தேடி வந்தவர்களில் ஒரு ஓவியரும் உண்டு. டோரா கேரிங்டன், லண்டன் ஸ்லேட் பள்ளியில் படித்தவர். தன் பெயரில் டோராவை வெட்டிவிட்டுக் கேரிங்டன் என்றே எழுதிக்கொண்டவர். 1924 வாக்கில் அவர் வரைந்த அல்புஹாரா நிலக்காட்சி ஒன்று இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. முன்னால் உருண்டு திரண்ட பழுப்புக் குன்றுகள், கற்றாழை, பின்னால் மலை. அதில் ஊரே கிடையாது, வெள்ளையும் கிடையாது. படுத்திருக்கும் ஒரு பெரிய மிருகத்தின் முதுகு மாதிரி நிலம் மட்டும் கிடக்கிறது. அல்புஹாராவை வரைந்தவர்களில் நிலத்தின் கனத்தைப் பிடித்தவர் இவர்தான் என்பது என் எண்ணம். இன்று கபிலெய்ரா கடைகளில் விற்கும் நீலக் கதவு, சிவப்புப் பூத்தொட்டிப் படங்களை இவர் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அந்தக் கடைகளுக்கும் காரணம் உண்டு. ஜெனிசிஸ் இசைக்குழுவில் ஆரம்ப நாட்களில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் ஸ்டூவர்ட், ஓர்ஹிவா என்ற அல்புஹாரா ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வாங்கிக் குடியேறிய கதையை 1999-இல் 'டிரைவிங் ஓவர் லெமன்ஸ்' என்று எழுதினார். அது விற்ற விற்பனையில் அல்புஹாரா பிரிட்டிஷ்காரர்களின் கனவு முகவரி ஆகிவிட்டது. பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டவர்களில் ஓவியர்கள் கணிசம். அறைகள் காலியாக இருந்தன; வருமானம் வேண்டியிருந்தது; வெளிச்சமோ இலவசம். ஓவிய விடுமுறை என்ற தொழில் இப்படித்தான் இந்தச் சரிவில் வேர் பிடித்தது. ஆறு பேர், எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர். ஒரு வாரம் தங்கல், சாப்பாடு, ஆசிரியர் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். வரையாத கணவரையோ மனைவியையோ கூட்டிவந்தால் அவர்கள் மலை நடைக்குப் போய்விடலாம். ஜி.ஆர். 7 என்ற நெடுந்தூர நடைபாதை அல்புஹாராவின் ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது.

காலை எட்டரைக்கு ரொட்டி, தக்காளி, ஆலிவ் எண்ணெய், காபி. ஒன்பதரைக்கு நடை. ஊர் மேற்குப் பார்த்த சரிவில் இருப்பதால் நமக்கு வெயில் தாமதமாகத்தான் வரும். எதிர்ச்சரிவில் முதலில் வெயில் அடிக்கும். அது மெல்ல மெல்ல இறங்கி, ஆற்றைத் தாண்டி, நம் பக்கம் ஏறி வருவதற்குள் ஒரு படத்தை முடித்துவிட வேண்டும். முடித்ததேயில்லை. ஒளி தண்ணீர் மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதல் அரை மணி நேரத்தில் நிழல்களின் எல்லையை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு அதற்குப் பிறகு நிழல் எங்கே போனாலும் துரத்தாதீர்கள் என்பார் ஆசிரியை. நான் துரத்தினேன். ஒரே படத்தில் காலை ஒன்பதரை மணி நிழலும் பன்னிரண்டு மணி நிழலும் ஆளுக்கொரு திசையில் விழுந்து, என் கபிலெய்ராவுக்கு இரண்டு சூரியன்.

இரண்டாவது பிழை இன்னும் அடிப்படையானது. காகிதத்தை வெயிலில் வைத்துக்கொண்டு வரைந்தேன். வெயில் பட்ட வெள்ளைக் காகிதம் கண்ணைக் கூசச் செய்யும். போட்ட நிறமெல்லாம் வெளிறித் தெரியும். போதவில்லை என்று மேலே மேலே ஏற்றுவோம். அறைக்குள் கொண்டுவந்து பார்த்தபோது அது மழைக்கால ராத்திரி. மலைக்காற்றும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் பத்து நிமிடம் ஈரமாகக் கிடக்கும் வண்ணம் இங்கே ஒரு நிமிடத்தில் காய்ந்து விளிம்பு கட்டிவிடுகிறது. வானத்தை ஒரே வீச்சில் பூசத் தெரியாதவர்களின் வானமெல்லாம் ஒட்டுப் போட்ட வேட்டி. நிழலில் உட்கார், பெரிய தூரிகை எடு, காகிதத்தை முதலில் நனை: இந்த மூன்றையும் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது.

எங்கே உட்கார்ந்து வரைந்தாலும் காதில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையைச் சொல்ல முடியாது. தெருவோரத்தில், வயல் வரப்பில், பாறை இடுக்கில் எங்கும் கையகல வாய்க்கால்கள். ஸ்பானிஷில் அசேக்கியா, அரபுச் சொல். பனி உருகும் வசந்தத்தில் தண்ணீரை மேல்மலையில் நீளமான வாய்க்கால்களில் குறுக்காக ஓட்டி, மண் உறிஞ்சும் இடங்களில் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். அது மலைக்குள் இறங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாகப் பயணம் செய்து, கோடையில் கீழே ஊற்றாக வெளிவருகிறது. தண்ணீரை விதைப்பது என்று இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். முறை வைத்துத் திறந்துவிட இன்றும் ஆள் உண்டு. ஒரு மண்வெட்டி மண்ணால் ஒரு வாயை அடைத்து இன்னொன்றைத் திறந்த பெரியவரை நாங்கள் எட்டுப் பேரும் ஐந்து நிமிடக் கோட்டோவியமாக வரைந்தோம். எங்களை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வாய்க்கால்களை வெட்டியவர்கள் இங்கே இல்லை. 1492 ஜனவரி 2 அன்று கிரனாடா கத்தோலிக்க அரசர்களிடம் சரணடைந்தது. கடைசி மன்னர் போவப்திலுக்கு ஒதுக்கப்பட்டது இந்த அல்புஹாராதான். கிரனாடாவிலிருந்து வரும் வழியில் ஒரு கணவாய்க்கு மூரின் பெருமூச்சு என்று பெயர். அவர் அங்கே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார் என்பது கதை. எங்கள் வண்டியும் அதைத் தாண்டித்தான் வந்தது. இப்போது அது நெடுஞ்சாலை. பெருமூச்சு விட நிறுத்த முடியாது. கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான முஸ்லிம்களின் சந்ததியினர் 1568-இல் இந்த மலையில் கிளர்ந்தெழுந்தார்கள். 1571-க்குள் அது நசுக்கப்பட்டது. மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். காலியான வீடுகளில் கலீசியா, லியோன் போன்ற வடபகுதிகளிலிருந்து கொண்டுவந்து ஆட்களைக் குடியேற்றினார்கள். கபிலெய்ரா, பம்பனெய்ரா என்ற பெயர்களில் அந்த வடக்கத்தி வாடை இருப்பதாகச் சொல்வார்கள். வந்தவர்களுக்கு இந்த மண்ணும் தண்ணீரும் புதிது. வாய்க்கால் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க ஒவ்வொரு ஊரிலும் பழைய குடும்பங்கள் இரண்டை மட்டும் விட்டுவைத்தார்களாம். ஊரில் எல்லோரும் சொல்லும் கதை இது.

மூன்றாம் நாள் வெள்ளை வந்தது. பெட்டியில் வெள்ளைச் சாயம் இருந்தது, தொட அனுமதியில்லை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். சுவரை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை வரைந்தால் சுவர் தானே வந்து நின்றுகொள்ளும். கேட்க எளிது. என் கை பழக்கதோஷத்தில் சுவரின் ஓரத்துக்குப் பென்சிலால் நேர்கோடு போட்டது. "அந்தக் கோடு அங்கே எங்கே இருக்கிறது, போய்க் காட்டுங்கள்" என்றார் ஆசிரியை. எழுந்து போய்ப் பார்த்தேன். இல்லைதான். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, குளித்துத் தேய்ந்த சோப்புக்கட்டி போல மூலைகளெல்லாம் மழுங்கிக் கிடக்கின்றன. விரலால் தடவினால் எந்த இடத்தில் ஒரு சுவர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

தினாவோ என்று ஒன்று இந்த ஊர்களில் உண்டு. ஒரு வீட்டின் அறை தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் போய்க் கை ஊன்றி நிற்கும். அதன் அடியில் தெரு போகும். வெயிலுக்கும் பனிக்கும் ஒதுங்க இடம். அப்படியொரு நிழலில் உட்கார்ந்து எதிரே நிழல் விழுந்த சுவர் ஒன்றை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வரைந்தது கடைசி இருபது நிமிடம். சுவரின் மேல்பாகம் நீலம், அது வானத்திலிருந்து வருவது. கீழே இறங்க இறங்க மஞ்சள் கலக்கிறது. வெயில் பட்ட தெருக்கல்லிலிருந்து ஒளி எம்பி அடிக்கிறது. ஜெரேனியம் தொட்டியை ஒட்டிய ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மெல்லிய ரோஜா. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சாம்பல். முதல் நாள் கட்டம் கட்டமாகக் கலந்தோமே, அதே இருபத்திரண்டு சாம்பல். நம் வீடுகளில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கரைத்துவிடுவார்கள். வெள்ளைக்கு எதற்கு நீலம் என்று சின்ன வயதில் கேட்டு அதட்டல் வாங்கியிருக்கிறேன். விடை ஸ்பெயினில் கிடைத்தது.

அன்று இரவு ஆசிரியை ஹோவாகின் சொரோயாவின் படங்களைக் காட்டினார். வலென்சியாவில் 1863-இல் பிறந்தவர். வெயிலை வரைவதில் அவருக்கு நிகர் குறைவு. கடற்கரையில் வெள்ளை உடையில் நடக்கும் பெண்களை வரைந்த படத்தில், உடையை மட்டும் ஓட்டை போட்ட அட்டை வழியாகப் பார்க்கச் சொன்னார். ஊதா, வெளிர் மஞ்சள், பச்சை. வெள்ளை எங்கோ ஒரு நகக்கண் அளவு. கிரனாடாவுக்கு வந்து சியரா நெவாடாவையும் வரைந்தவர் அவர். மாட்ரிடில் அவர் வாழ்ந்த வீடே இப்போது அருங்காட்சியகம். திரும்பும் வழியில் ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு வாரப் பயிற்சிக்குச் சமம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். இந்த மலையின் அடையாளச் சாப்பாடு, உருளைக்கிழங்கு வறுவலின்மேல் முட்டை, பன்றித் தொடை, ரத்தத் தொத்திறைச்சி, காரத் தொத்திறைச்சி எல்லாம் ஏற்றிய ஒரு தட்டு. உயரத்தில் இருக்கும் த்ரெவேலெஸ் ஊரில் பன்றித் தொடையை மலைக்காற்றில் மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்துகிறார்கள். கடைக் கூரையிலிருந்து வௌவால் கூட்டம் மாதிரி தொங்கும். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். அதே உருளைக்கிழங்கு குடமிளகாயோடும் வெங்காயத்தோடும் தனியாகக் கிடைக்கும். கத்தரிக்காயைச் சீவி, மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். முதல் வாயில் அதிர்ச்சி. மூன்றாம் வாயில் தட்டு காலி. இந்தக் கடற்கரைக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அரபியர்கள். கிரனாடா வட்டாரத்தில் குடிக்க ஏதாவது வாங்கினால் கடிக்க ஒரு சின்னத் தட்டு இலவசமாக வரும். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு முன் கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊர் படுத்துவிடும். அந்த நேரத்தில் கடை கதவைத் தட்டுவது மரியாதையில்லை.

போக நினைப்பவர்களுக்கு: நமக்கு ஷெங்கன் விசா வேண்டும். மாலகா விமான நிலையத்தில் இறங்கி கிரனாடா வந்தால், அங்கிருந்து மலை ஊர்கள் சுமார் 70 கிலோமீட்டர். பேருந்து உண்டு, வளைவுகள் அதிகம், வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர் உகந்தவை. செஸ்ட்நட் இலைகள் மஞ்சளாவதைப் பிடிக்க வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி. டர்பன்டைன் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். எண்ணெய் வண்ணக்காரர்கள் அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். நீர்வண்ணத்துக்கு 300 கிராம் பருத்திக் காகிதம், மூன்று தூரிகை, எட்டு நிறம் போதும். நான் இருபத்து நான்கு கொண்டுபோய்ப் பதினேழைத் திறக்காமல் திரும்பினேன். அவ்வளவு செலவு செய்ய வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. கேப்ரியல் கம்பனாரியோ என்ற பார்சிலோனாக்காரர் சியாட்டில் நகரத்தில் பத்திரிகை வேலையில் இருந்தபோது 2007-இல் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கம், தெருவில் உட்கார்ந்து வரைய டிக்கெட் தேவையில்லை என்பதை உலகத்துக்கே காட்டியிருக்கிறது. ஆனால் வீட்டில் இருந்தால் ஒரு சுவரை ஒன்றரை மணி நேரம் பார்க்க விடமாட்டார்கள். சிலிண்டர் வந்துவிடும்.

நான்காம் நாள் மதியத்துக்கு மேல் ஒரு புகைக்கூண்டை எடுத்துக்கொண்டேன். உருளையான வெள்ளைத் தூண். மேலே சின்னக் கற்களை முட்டுக் கொடுத்து நிறுத்திய வட்டமான சிலேட்டுத் தகடு. தகடு காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் இன்னொரு கல். பின்னால் சாம்பல் கூரை, அதற்கும் பின்னால் நீலம் கட்டிய எதிர்மலை. எல்லாம் சரியாக அமைந்தது போலத் தோன்றவே, கொஞ்சம் துணிச்சல் வந்து, மலையின் நீலம் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த தூரிகையால் ஒற்றி எடுத்துப் புகை விட்டேன். புகைக்கும் தனி நிறம் வேண்டியதில்லை; அந்த இடத்தில் காகிதத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். படத்துக்கு உயிர் வந்துவிட்டதாக எனக்கு ஒரு கர்வம்.

பக்கத்து வாசலில் நாற்காலி போட்டு பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்து பார்த்தார். எண்பது இருக்கும். புகையைக் காட்டித் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். ஆசிரியை வந்து மொழிபெயர்த்தார். "அந்த வீட்டில் யாருமில்லை. பார்சிலோனாவுக்குப் போனவர்கள்தான். அங்கே அடுப்பு எரிந்து நாற்பது வருஷம் ஆச்சு." 1950களிலிருந்து அல்புஹாராவின் ஊர்கள் இப்படித்தான் காலியாயின. கதலோனியாவின் ஆலைகளுக்கும் ஜெர்மனிக்கும் போனவர்களின் வீடுகள் சில இடிந்தன. சில வெளிநாட்டவர் கைக்கு வந்தன. சிலவற்றுக்குத் தெரு முழுக்க வெள்ளையடிக்கும்போது சேர்த்து வெள்ளையடித்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. எந்தக் கூரையில் லவுனா புதிது, எதில் புல் முளைத்திருக்கிறது என்று மேலே ஏறிப் பார்த்தால்தான் தெரியும். முதல் நாள் பார்த்திருக்கிறேன். புல்லை அழகு என்று நினைத்து வரைந்தும் இருக்கிறேன்.

கடைசி நாள் மாலை, தங்கியிருந்த வீட்டின் முற்றத்தில் கயிறு கட்டி எங்கள் படங்களைத் துணி உலர்த்துவது போலக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பல் மருத்துவர் தன் இருபத்திரண்டு சாம்பலைத் தனிக் காகிதமாக மாட்டியிருந்தார், அதற்குத்தான் கூட்டம். பாட்டியும் வந்தார். தன் தெருவை ஒவ்வொரு படத்திலும் தேடிப் பிடித்து, பெயர் சொல்லிச் சொல்லி நகர்ந்தார். என் படத்துக்கு முன்னால் நின்றார்.

அந்தப் படத்தை நான் முந்தின ராத்திரி திருத்தியிருந்தேன். உண்மைக்கு மாறாக இருக்கக் கூடாதே என்று அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து, புகை இருந்த வெள்ளையை மலையின் நிறத்தால் மூடியிருந்தேன். உற்றுப் பார்த்தால் ஒட்டு தெரியும்.

பாட்டி உற்றுப் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டார். ஆசிரியை சிரித்துவிட்டு மொழிபெயர்த்தார்.

"அடுப்பை ஏன் அணைச்சே?"